நீல வயரைச் செருகாத ஒன்பது நாள்

மன்னார்
2024 யூன் 4

நுஸ்ரியா அக்கா,

இந்த ஈமெயிலை நீங்கள் இன்னும் பாக்கிறனீங்களோ தெரியாது. வட்ஸப்பில என்ர நம்பரை நீங்கள் மறிச்சு அஞ்சு வருசம். அதாலைதான் இதுக்கு எழுதுறன். வாசிக்காமல் அழிச்சாலும் நான் பிழை சொல்லமாட்டன். ஆனால் இது எனக்காக இல்லை, கந்தோருக்காக.

போன வியாழன் பின்னேரம் கரண்ட் மூண்டுதரம் போய்ப் போய் வந்தது. மூண்டாந்தரத்துக்குப் பிறகு ஸ்டோரேஜ் சேர்வர் ரெண்டில ஒண்டு எழும்பேல்லை. நீங்கள் மாக்கரால ‘இரண்டு’ எண்டு எழுதி ஒட்டின பெட்டி. திறந்து பாத்தன். சோளகக் காத்தில வந்த உப்புப் பட்டு உள்ளுக்குப் பச்சை பிடிச்சுக் கிடக்கு. டிஸ்க் நாலும் செத்துப்போச்சு.

நீங்கள் போட்டுவைச்ச அமைப்பில நான் ஒண்டையும் மாத்தேல்லை. மேல மூண்டு சேர்வர், அதுகளுக்குள்ள பதினொரு வேர்ச்சுவல் மெஷின். கீழ இந்த ரெண்டு ஸ்டோரேஜ். ‘ஒண்டில’ எழுதுறது அந்த நிமிசமே ‘இரண்டிலையும்’ எழுதப்படும். இப்ப ‘ஒண்டு’ மட்டும் தனிய நிண்டு பதினொண்டையும் தாங்குது. அதிலையும் ஒரு டிஸ்க் பிழை காட்டத் துவங்கிட்டுது.

கொழும்புக்கு அனுப்புற பிரதி, திட்டம் முடிஞ்சதோட போன வருசம் ஏப்ரலில நிண்டிட்டுது. அதுக்குப் பிறகு சனம் கொண்டுவந்து ஸ்கான் பண்ணின எல்லாம் இந்த ஒரு பெட்டியிலதான் இருக்கு. காணி உறுதி, பிறப்புப் பத்திரம், இந்தியா முகாமில குடுத்த அட்டை. பதினாலு மாசத்துப் பேப்பர்.

புதுப் பெட்டி ஒண்டு வாங்க எமிலியானுஸ் சேர் ஓம் எண்டிட்டார். அதைப் பழையதோட சேர்க்கிறது எப்பிடி எண்டு எனக்கு முழுசாத் தெரியாது. நாங்கள் ரெண்டுபேரும் சேர்ந்து செய்த வேலைதான். ஆனால் அந்த இடத்தை நீங்கள்தான் செய்தனீங்கள், நான் பக்கத்தில இருந்து பாத்தனான்.

உதவி செய்வீங்களோ?

டினோஜா


டோஹா
2024 யூன் 6

டினோஜா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கீழ்க்காணும் விடயங்களை உடனே செய்யவும்.

அவசியமில்லாத வேர்ச்சுவல் மெஷின்களை நிறுத்தவும். ஆவணங்களைத் தேடிக் கொடுக்கும் மெஷின் மட்டும் ஓடினால் போதும். ‘ஒன்று’ எவ்வளவு குறைவாக உழைக்கிறதோ அவ்வளவு நாள் தாங்கும். அதை எக்காரணத்துக்காகவும் நிறுத்தி மீண்டும் இயக்க வேண்டாம். இந்த நிலையில் இருக்கும் டிஸ்க் ஒருமுறை நின்றால் மறுபடி சுற்றாமலும் போகலாம்.

புதுப் பெட்டி வந்ததும் நான் விட்டுவந்த பென்டிறைவிலிருந்து அதை ஏற்றவும். பெயர் ‘இரண்டு’ என்றே இருக்கட்டும்.

இரண்டு ஸ்டோரேஜுக்கும் நடுவில் நேரே போகும் நீல வயரை நான் சொல்லும்வரை செருக வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம். காரணம் பிறகு எழுதுகிறேன்.

நுஸ்ரியா


மன்னார்
2024 யூன் 9

நுஸ்ரியா அக்கா,

பதில் போட்டதுக்கு நன்றி. ‘அவர்களுக்கு’ எண்டு எழுதியிருந்தீங்கள். அந்த ஒரு சொல்லைக் கனநேரம் பாத்துக்கொண்டிருந்தன். சரி, நான் செய்ததுக்கு எனக்கு அது வேணும்.

ஒன்பது மெஷினை நிப்பாட்டிட்டன். புதுப் பெட்டி கொழும்பில இருந்து பதினேழாந் தேதிக்குப் பிறகுதான் வருமாம். அதுக்கிடையில ஒரு வெளி டிஸ்க்கில கொஞ்சம் கொஞ்சமாப் பிரதி எடுக்கிறன். வேகமா இழுத்தால் ‘ஒண்டு’ முனகுது, அதாலை பயந்து பயந்து எடுக்கிறன். நாலில ஒரு பங்குகூட இன்னும் வரேல்லை.

நேற்று ஜெயகௌரி எண்டு ஒரு அக்கா வந்தவ. மண்டபம் முகாமில இருபத்தெட்டு வருசம் இருந்திட்டு முருங்கனுக்குத் திரும்பி வந்த குடும்பம். மாசியில எங்களிட்டப் பேப்பர் எல்லாம் ஸ்கான் பண்ணக் குடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டு போனவ. வைகாசி மழையில கூரை ஒழுகிப் பெட்டியோட ஊறிப்போச்சாம். மகள் முகாமில பிறந்த பிள்ளை. அந்தப் பிறப்புப் பத்திரம் இல்லாட்டிப் பிரஜாவுரிமை எடுக்கேலாது. ‘உங்களிட்ட இருக்குத்தானே தங்கச்சி?’ எண்டு கேட்டா. ஓம், ரெண்டு கிழமையால வாங்கோ எண்டு சொல்லி அனுப்பினன். அவ போனாப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து பாத்தன், பிழை காட்டி நிண்டிட்டுது.

இப்ப கந்தோரில நானும் எமிலியானுஸ் சேரும் தேத்தண்ணி போடுற றஞ்சிதம் அக்காவும்தான். மற்ற ஆக்கள் எல்லாம் நிண்டிட்டினம். சேர் பாதி நாள் கூட்டத்துக்குப் போயிடுவார். சேர்வர் அறைக்குள்ள நான் சில நேரம் வாய்விட்டுக் கதைக்கிறன். கேக்கிறதுக்குத்தான் ஆள் இல்லை.

உம்மா சுகமோ? வாப்பா மௌத்தான செய்தி ரெண்டு வருசத்துக்கு முதல் உங்கட நசீறா மாமி சொல்லித்தான் தெரியும். செத்த வீட்டுக்கு நான் வந்திருக்கவேணும். உங்கட எருக்கலம்பிட்டிச் சந்தி வரைக்கும் மோட்டச்சைக்கிளில வந்திட்டுத் திரும்பிப் போனனான்.

டினோஜா


டோஹா
2024 யூன் 18

டினோஜா,

உம்மா சுகம். அல்ஹம்துலில்லாஹ்.

நேத்து ஊரில ஹஜ்ஜுப் பெருநாள். இங்க முந்தநாள். எனக்கு வேலை நாள். எங்கட சிஃப்றில நாலு பேர், ஒருத்தருக்கும் தமிழ் தெரியாது. தொழுதிட்டு வந்து ஆயிரத்துச் சொச்சம் சேர்வரின்ர இரைச்சலுக்க இருந்து சோறு சாப்பிட்டன். உம்மாவுக்கு ஃபோன் எடுத்தன். பக்கத்து வீட்டுப் பிள்ளையள் சத்தம் கேட்டது. அவ்வளவுதான் என்ர பெருநாள்.

சந்தி வரைக்கும் வந்தது எனக்குத் தெரியும். நசீறா மாமி கண்டவ. திரும்பிப் போன முதுகைத்தான் கண்டவவாம்.

புதுப் பெட்டி வந்திருக்கும். அடுத்தது என்ன செய்யிறதெண்டு எழுதத்தான் இருந்தனான். எழுதத் துவங்கினால் வேற ஒண்டு முன்னுக்கு வந்து நிக்குது. அதைக் கேக்காமல் என்னால எழுத ஏலாமல் இருக்கு.

2019 சித்திரையில உயிர்த்த ஞாயிறண்டு கோயிலுகளில குண்டு வெடிச்சுப் பதினோராம் நாள் நிர்வாகக் கூட்டம் நடந்தது. என்னைக் கூப்பிடேல்லை. உங்களைக் கூப்பிட்டவை. கூட்டம் முடிய நீங்கள்தான் என்ர மேசைக்கு வந்தீங்கள். ‘அக்கா, சேர்வர் அறைச் சாவியைக் கொஞ்ச நாளைக்குத் தரட்டாம்’ எண்டு கேட்டீங்கள். குடுத்தன். அதுக்குப் பிறகு மூண்டு கிழமை வேலையில்லாமல் அந்த மேசையில இருந்தனான், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில என்னைப் பற்றி என்ன கதைச்சவை? நீங்கள் என்ன சொன்னீங்கள்? இந்த ரெண்டையும் உள்ளதை உள்ளபடி எழுதுங்கோ.

நுஸ்ரியா


மன்னார்
2024 யூன் 20

நுஸ்ரியா அக்கா,

பொய் எழுதலாமோ எண்டு ஒரு முழுநாள் யோசிச்சன். எழுதினால் வேலை முடிஞ்சிடும் எண்டும் தெரியும். ஏலாமல் போச்சு.

கூட்டத்தில நாலு பேர் இருந்தவை. உங்களில பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. ‘காலம் சரியில்லை, முஸ்லிம் பிள்ளையிட்ட ஏன் சாவி எண்டு ஆமிக்காரர் வந்து கேட்டால் பதில் சொல்லவேணும்’ எண்டு கதைச்சவை. பிறகு என்னைப் பாத்து, ‘நீர்தானே கூட வேலை செய்யிறனீர், அந்தப் பிள்ளையின்ர குடும்பத்தை உமக்கு நல்லாத் தெரியுமோ?’ எண்டு கேட்டவை.

நான் சொன்னன், ‘வேலையில தெரியும். வீட்டுப் பக்கம் எனக்குத் தெரியாது.’

அம்மாவுக்கு மூச்செடுக்க ஏலாமல் போன அண்டைக்கு உங்கட வாப்பாதான் தன்ர வானில யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். ஆறு நாள் உங்கட உம்மாதான் சமைச்சு அனுப்பினவ. உங்கட வீட்டு அலுமாரியில என்ர உடுப்பு ஒரு சோடி இருந்தது. தெரியாது எண்டு நான் சொன்னது அந்த வீட்டைத்தான்.

ஏன் சொன்னன் எண்டு எத்தினையோ தரம் என்னையே கேட்டிருக்கிறன். நீர்கொழும்பில மாமி இருக்கிற ஒழுங்கையில ஒரே நாளில மூண்டு சவப்பெட்டி போனது. அதைப் பாத்திட்டு வந்து நாலாம் நாள் அந்தக் கூட்டம். பயமும் இருந்தது, கோவமும் இருந்தது. ஆர் மேல எண்டு தெரியாத கோவம். இதெல்லாம் உண்மை. ஆனால் இதில ஒண்டும் நான் பொய் சொன்னதுக்குக் காரணம் இல்லை. தெரியும் எண்டு சொன்னால் அடுத்த கேள்வி என்னட்ட வரும் எண்டு நினைச்சன். அதுதான் காரணம்.

அம்மா 2020 மார்கழியில போயிட்டா. இதை அவவுக்குச் சொல்லேல்லை. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

புதுப் பெட்டி நேற்று வந்தது.

டினோஜா


மன்னார்
2024 யூன் 26

நுஸ்ரியா அக்கா,

நீங்கள் பதில் போடாதது விளங்குது. அதுக்காக எழுதேல்லை. இங்க நிலைமை என்ன எண்டு சொல்லிவைக்கத்தான்.

பென்டிறைவில இருந்து புதுப் பெட்டியை ஏத்திட்டன். பேர் ‘இரண்டு’. இறாக்கையில பழையது இருந்த இடத்திலதான் இருக்கு. எல்லாம் ஆயத்தம். நீல வயர் மட்டும் செருகாமல் தொங்குது.

‘ஒண்டில’ பிழை காட்டுற டிஸ்க் இப்ப ரெண்டு. வெளி டிஸ்க்குக்கு எடுக்கிறதை நிப்பாட்டிட்டன், வாசிக்கேக்க இடையில நிண்டுபோகுது. பெட்டியை வித்த கொழும்புத் தம்பிக்கு ஃபோன் எடுத்தன். ‘வயரைக் குத்துங்கோ மிஸ், தானே கொப்பி ஆகும்’ எண்டான். எமிலியானுஸ் சேரும் கேட்டுக்கொண்டு நிண்டவர்.

‘பிறகென்ன பிள்ளை, குத்தும்.’

‘ஒரு சாமான் இன்னும் வரேல்லை சேர்.’

‘என்ன சாமான்?’

‘சின்னச் சாமான்தான். வந்தால்தான் செய்யலாம்.’

அவருக்குப் பொய் சொன்னன். உங்களைப் பற்றிச் சொன்னால் அந்தப் பழைய கதைக்குப் போகவேணும், அதுக்கு எனக்கு இன்னும் துணிவு வரேல்லை. ஞாயிறு வரைக்கும்தான் பொறுப்பாராம். திங்கக்கிழமை தானே வந்து குத்துவன் எண்டு சொல்லிட்டுப் போறார்.

நீங்கள் என்னில கோவமா இருக்கலாம். ஆனால் வேலையில காரணமில்லாமல் ஒண்டைச் செய்யாதை எண்டு நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அதாலை நான் குத்தமாட்டன். ‘ஒண்டு’ அதுக்குள்ள நிண்டுபோனால், சனத்துக்குப் பதில் சொல்லவேண்டியது நான். உங்களை இழுக்கமாட்டன்.

சொன்ன ரெண்டு கிழமை தாண்டிட்டுது, ஜெயகௌரி அக்கா நாளைக்கு வருவா. என்ன சொல்லுறது எண்டு தெரியேல்லை.

டினோஜா


டோஹா
2024 யூன் 29

டினோஜா,

வயரைச் செருகியிருக்கமாட்டாய் எண்டு துஆ செஞ்சுகொண்டு எழுதுறன். ‘நீ’ எண்டு வந்திட்டுது. இனி மாத்த நேரமில்லை.

காரணத்தைச் சொல்லுறன். 2018ல ‘ஒண்டு’ அடிக்கடி விழுந்து எழும்பிக்கொண்டிருந்தது, உனக்குத் தெரியும். ஒவ்வொரு தரமும் கையால சரிப்படுத்தக் களைச்சுப்போய் ஒரு சின்னப் புறோகிறாம் எழுதினன். ‘இரண்டு’ எண்டு பேர் வைச்ச பெட்டி எழும்பி மற்றதைக் கண்டவுடன, தன்னட்ட இருக்கிறதுதான் சரி எண்டு எடுத்து மற்றதுக்கு மேல எழுதிவிடும். பிறகு எடுத்துவிடுவம் எண்டு இருந்தன். அதுக்குள்ள நான் வேலையை விட்டிட்டன். அந்தப் பென்டிறைவுக்குள்ள அது இருக்கு.

விளங்குதா? புதுப் பெட்டி வெறும் பெட்டி. நீ வயரைச் செருகின நிமிசம் அது தன்ர வெறுமையைத்தான் ‘ஒண்டில’ எழுதும். எல்லாம் போயிடும்.

உன்ர முதல் கடிதத்தை வாசிக்கேக்கயே இது ஞாபகம் வந்தது. அண்டைக்கே எழுதியிருக்கலாம். ‘காரணம் பிறகு’ எண்டு எழுதினது, நீ திரும்ப என்னட்ட வந்து கேக்கவேணும் எண்டு. எனக்கு அது வேண்டியிருந்தது.

பிறகு உன்ர இருபதாந் தேதிக் கடிதம் வந்தது. ‘வீட்டுப் பக்கம் எனக்குத் தெரியாது.’ அதை வாசிச்சிட்டு வேலைக்குப் போனன், வந்தன், படுத்தன். செருகட்டும் எண்டு நினைச்சன். ஒரு நாள் இல்லை, ஒன்பது நாள் நினைச்சன். நான் ஒண்டும் செய்யத் தேவையில்லை, சும்மா இருந்தால் போதும். பிழை உன்ர கையால நடக்கும். ஒருத்தரும் என்னைக் கேக்கவும் மாட்டினம்.

உன்ர 26ஆந் தேதிக் கடிதம் வந்து ரெண்டு நாள் அதைத் திறக்கேல்லை. நேத்து ஜும்மா முடிஞ்சு வந்துதான் திறந்தன். சேருக்குப் பொய் சொல்லி, டிஸ்க் சாகிறதைப் பாத்துக்கொண்டு, பதில் போடாத ஆளின்ர ஒரு வசனத்தை நம்பி நீ இருக்கிறாய். எனக்கு வெக்கமாப் போச்சு. நீ செய்ததை நான் மறக்கேல்லை. ஆனால் நானும் நல்ல ஆள் இல்லை எண்டு இப்பதான் எனக்குத் தெரியுது.

செய்யிற முறையை இணைச்சிருக்கிறன். அதில முதல் வேலை அந்தப் புறோகிறாமை அழிக்கிறது. பிறகு செத்த பெட்டியை மறக்கச் சொல்லி மேல இருக்கிற மூண்டு சேர்வருக்கும் சொல்லவேணும். ‘ஒண்டில’ இருக்கிறதுதான் நல்லது, ‘இரண்டில’ ஒண்டுமில்லை எண்டு ரெண்டு பெட்டிக்கும் தனித்தனியா எழுதவேணும். எழுத முதல் டிஸ்க்கின்ர தொடர் நம்பரைக் கண்ணால பாத்து, கடதாசியில எழுதி ஒட்டு. பேரை நம்பாதை. வேகத்தைக் குறைச்சு விடு. எவ்வளவு மணித்தியாலம் எடுத்தாலும் எடுக்கட்டும்.

எல்லாம் சரி பாத்தாப் பிறகு வயரைச் செருகு. எந்தப் பக்கத்தில இருந்து எந்தப் பக்கத்துக்குப் போகுது எண்டு திரையில காட்டும். ‘ஒண்டில’ இருந்து ‘இரண்டுக்கு’ எண்டு இல்லாட்டி உடன இழுத்துவிடு.

நுஸ்ரியா


மன்னார்
2024 யூலை 3

நுஸ்ரியா அக்கா,

செருகேல்லை. உங்கட கடிதம் வரேக்க வயர் தொங்கினபடிதான் இருந்தது.

ஞாயிறு காலமைப் பூசை முடியக் கந்தோருக்குப் போனன். அந்தப் புறோகிறாமைத் தேடிப் பிடிச்சு வாசிச்சன். பன்ரெண்டு வரி. அடியில உங்கட பேரும் தேதியும் போட்டு ‘பிறகு அழிக்கவும்’ எண்டு எழுதியிருந்தீங்கள். அழிச்சன். நம்பர் எல்லாம் பாத்து ஒட்டி, ஒவ்வொரு வரியையும் ரெண்டுதரம் வாசிச்சுச் செய்தன். பத்து மணிக்கு வயரைச் செருகினன். ‘ஒண்டில’ இருந்து ‘இரண்டுக்கு’ எண்டு காட்டினது. நான் நிலத்தில இருந்திட்டன்.

முப்பத்தொண்டரை மணித்தியாலம் எடுத்தது. இடையில எழுபத்து மூண்டு வீதத்தில ஒருக்கா நிண்டு, ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு தானே நகர்ந்தது. திங்கள் பின்னேரம் அஞ்சரைக்கு நூறு காட்டினது. றஞ்சிதம் அக்கா வந்து எட்டிப் பாத்திட்டு, ‘என்ன பிள்ளை, முகம் வெளுத்துப் போய்க் கிடக்கு, ஆர் செத்தது?’ எண்டு கேட்டா. ஒருத்தரும் இல்லையக்கா எண்டன்.

முழுசாத் தப்பேல்லை. நாற்பத்தாறு பக்கம் வாசிக்க ஏலாமல் போட்டுது. ஆரின்ர எண்டு பட்டியல் எடுத்திட்டன், வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கி ஸ்கான் பண்ணவேணும். ஃபோனில கேட்டுப் பாத்தன், நாலு வீட்டில மூலமும் இல்லை. அவைக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிக்கிறன். ஜெயகௌரி அக்காவின்ர மகளின்ர பத்திரம் இருந்தது. போன வியாழன் வெறுங்கையோட அனுப்பினனான், நேற்றுக் கூப்பிட்டுக் குடுத்தன். கையெழுத்து வைச்சு வாங்கிக்கொண்டு, வெய்யிலுக்க பஸ்ஸுக்கு ஓடிப்போனா.

‘ஒண்டுக்கும்’ புது டிஸ்க் சொல்லியாச்சு. இப்ப தாங்குறது ‘இரண்டு’.

செவ்வாய் காலமை எமிலியானுஸ் சேரிட்டப் போனன். சாமான் வரேல்லை எண்டது பொய், நுஸ்ரியா அக்காவின்ர பதிலுக்குத்தான் நிண்டனான் எண்டு சொன்னன். பிறகு மற்றதையும் சொன்னன்.

‘சேர், அண்டைக்குக் கூட்டத்தில அவையின்ர வீட்டைத் தெரியாது எண்டு சொன்னனான். அது பொய். நல்லாத் தெரியும். சாப்பிட்டுப் படுத்து எழும்பின வீடு.’

அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ‘அது பழைய கதையெல்லோ பிள்ளை. நீர் தெரியும் எண்டு சொல்லியிருந்தாலும் சாவியை வாங்கச் சொல்லித்தான் இருப்பம்.’

‘இருக்கலாம் சேர். ஆனால் நான் சொல்லியிருக்கவேணும்.’

அவர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டார். பிறகு, உங்களுக்கு நன்றிக் கடிதம் ஒண்டு அனுப்பவேணும், முகவரி தாரும் எண்டார். உங்களைக் கேக்காமல் தரமாட்டன் எண்டிட்டு வந்திட்டன்.

நீங்கள் ஒன்பது நாள் நினைச்சதை எழுதியிருந்தீங்கள். எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு ஒருநாளும் தெரிஞ்சிருக்காது.

டினோஜா


டோஹா
2024 யூலை 14

டினோஜா,

நன்றிக் கடிதம் எனக்கு வேண்டாம். அவரிட்டச் சொல்லு.

நாற்பத்தாறு பக்கத்தின்ர பட்டியலை அனுப்பு. 2019க்கு முந்தினது ஏதும் அதில இருந்து, கொழும்புப் பிரதியிலயும் இல்லாட்டி, நான் அந்த நேரம் எடுத்துவைச்ச பழைய டிஸ்க் ஒண்டு உம்மாட வீட்டில இருக்கு. பாக்கச் சொல்லலாம். பெரிசா நம்பாதை.

உன்ர அம்மா மௌத்தானது உன்ர கடிதத்திலதான் எனக்குத் தெரியும். எங்கட வாப்பா கடைசி வரைக்கும் கேட்டவர், ‘டினோஜா பிள்ளைட தாய்க்கு மூச்சு எப்படியாம்?’ எண்டு. சுகம் எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். எனக்கே தெரியாமல் அவருக்குப் பொய் சொல்லியிருக்கிறன்.

உன்னை மன்னிச்சிட்டன் எண்டு எழுதிப் பாத்தன். ரெண்டுதரம் எழுதி ரெண்டுதரமும் அழிச்சன். வருகுதில்லை. வரும் எண்டும் சொல்லமாட்டன். ஆனால் நீ உண்மையை எழுதின நேரம் அதைச் சொன்னால் எல்லாம் போகும் எண்டு தெரிஞ்சுதான் எழுதினாய். அது எனக்குத் தெரியும்.

இங்க எனக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அறையில இருக்கிற மற்ற மூண்டு பேரும் வெளியில போயிடுவினம். நான் போறதில்லை. பின்னேரம் நாலு மணிக்கு, ஊரில அது ஆறரை, சும்மாதான் இருப்பன். நம்பரை மறிச்சிருந்ததை எடுத்துவிட்டிருக்கிறன்.

என்ன கதைக்கிறது எண்டு எனக்குத் தெரியாது. எடு.

நுஸ்ரியா


தாழ்வுபாடு
2024 யூலை 19, வெள்ளி

நுஸ்ரியா அக்கா,

ஃபோனை வைச்சு அரை மணித்தியாலம் ஆகேல்லை. இப்பவே எழுதாட்டி நாளைக்கு எழுதமாட்டன்.

பதினொரு நிமிசம் எண்டு காட்டுது. அதில கதைச்சது நாலு நிமிசம் இருக்கும். காத்தைப் பற்றிக் கேட்டீங்கள், விடாமல் அடிக்குது எண்டன். மீன் இருக்கோ எண்டு கேட்டீங்கள், இந்தக் காத்துக்கு வள்ளம் இறக்கினமில்லை எண்டன். உங்கட குரல் முந்தி இருந்ததைவிடத் தடிச்சுப்போச்சு. நான் அதைச் சொல்லேல்லை. பிறகு ரெண்டுபேருக்கும் ஒண்டும் வரேல்லை.

உங்கட பக்கத்தில உடுப்புத் தோய்க்கிற மெஷின் சுத்திற சத்தம் கேட்டது. நீங்கள் ஒருக்காச் செருமினீங்கள். நான் வாசல் படியில குந்தியிருந்தனான். ரோட்டால ஆரோ மோட்டச்சைக்கிளில போச்சினம். நீங்கள் வைப்பீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். நீங்கள் வைக்கேல்லை. நானும் வைக்கேல்லை. மெஷின் நிண்டாப் பிறகுதான், ‘சரி, உடுப்புக் காயப் போடவேணும்’ எண்டீங்கள்.

இந்த வீட்டில அம்மாவுக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் இவ்வளவு நேரம் ஒராளோட நான் இருந்ததில்லை.

அடுத்த வெள்ளியும் எடுக்கட்டோ? நாலு மணிக்கே எடுக்கிறதோ, நீங்கள் உடுப்புக் காயப் போட்டு முடிய எடுக்கிறதோ எண்டு மட்டும் எழுதுங்கோ.

டினோஜா